பைக்கில் மாட்டிய கைபேசி: பிடிப்பும் வேண்டும், பில்லும் வேண்டும்

களக்காடு தலையணையில் குளிக்க வருகிறவர்கள், திருக்குறுங்குடி நம்பியைச் சேவிக்க வருகிறவர்கள், ஊர் ஊராகப் பார்சல் கொண்டுபோகும் இளைஞர்கள் என்று பலருடைய வண்டியிலும் இன்று ஹேண்டில்பார் நடுவே ஒரு கைபேசி வழிகாட்டிக்கொண்டு நிற்கிறது. வண்டியையும் போனையும் நாள்கணக்கில் விசாரித்து வாங்கியவர்கள், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் ஹோல்டரை மட்டும் கடை வாசலில் தொங்குவதிலேயே மலிவாகப் பார்த்து எடுத்துவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

முதல் அடி கேமராவுக்கு. அதிக சக்தியுள்ள மோட்டார் சைக்கிள் இன்ஜின்களின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக ஏறி ஐபோன் கேமராவைப் பாதிக்கலாம் என்று 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. கை நடுங்கினாலும் படம் கலங்காமலிருக்க, இன்றைய கேமராக்களில் லென்ஸை நுண்ணளவில் நகர்த்தும் ஓஐஎஸ் என்ற அமைப்பு இருக்கிறது. அசைவை ஈடுகட்டுவதற்கென்றே செய்த அந்த நுட்பம், ஓயாத அதிர்வில் நாளடைவில் கெட்டுப்போகலாம். ஓஐஎஸ் உள்ள எந்த நிறுவனத்தின் போனுக்கும் இதே கவனம் தேவை. சிறிய ஸ்கூட்டரில் மாட்டினாலும் அதிர்வைத் தணிக்கும் மவுண்ட் போடும்படி ஆப்பிள் சொல்கிறது. ஒற்றை சிலிண்டர் புல்லட் வைத்திருப்பவர்கள் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

அடுத்தது வெயிலும் மழையும். ஐபோன் இயங்குவதற்கு ஏற்ற வெப்பத்தின் மேல்வரம்பு 35 டிகிரி. திருநெல்வேலிச் சித்திரை அதைச் சாதாரணமாகத் தாண்டும். சூடேறிய போன் திரையை மங்கவைக்கும், பிறகு வேலையை நிறுத்திவிடும். பைக்குக்கென்றே வரும் கார்மின் சூமோ போன்ற ஜிபிஎஸ் கருவிகள் வெயிலிலும் திரை தெரிய, கையுறையோடு தொட, மழையில் நனைய ஏற்றபடி செய்யப்பட்டவை. ஆனால் பெட்டியில் ‘ஐபிஎக்ஸ்7’ என்று பார்த்ததும் எல்லாம் தாங்கும் என்று நம்பிவிடக் கூடாது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது மட்டுமே அதன் பொருள். அதிர்வைப் பற்றியோ, கீழே விழுவதைப் பற்றியோ அது எதுவும் சொல்வதில்லை.

மாட்டும் முறைதான் பாதி பாதுகாப்பு. கண்ணாடித் தண்டில் மாட்டுவதைவிட ஹேண்டில்பாரின் நடுப்பகுதியில் மாட்டினால் ஆட்டம் குறையும். ஹோல்டரின் வளையம் ஹேண்டில்பாரின் தடிமனுக்குப் பொருந்த வேண்டும். இடைவெளிக்குக் கூடவே தரும் ரப்பரைத்தான் வைக்க வேண்டும், துணியையோ காகிதத்தையோ திணிக்கக் கூடாது. நான்கு மூலையையும் கவ்வும் உலோகப் பிடி நல்லது. போனை ஹேண்டில்பாரோடு இணைக்கும் ஒரு குட்டைக் கயிறும் போட்டுவிட்டால், வேகத்தடையில் பிடி விட்டாலும் போன் ரோட்டில் விழாது. விழும் போனைப் பிடிக்கக் கை தானாக நீளும். அந்த ஒரு நொடிதான் உயிருக்கு உலை. மாட்டி முடித்ததும் வண்டியை நிறுத்திவைத்து ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டும். கிளட்ச் கேபிளிலோ பிரேக் குழாயிலோ இடித்தால் அந்த இடம் வேண்டாம். நட்டு, போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்ப்பது காற்றுப் பார்ப்பதைப் போலப் பழக்கமாக வேண்டும்.

போனைப் பையிலேயே வைத்துக்கொண்டு வழி பார்க்கவும் இடமுண்டு. 2018இல் வந்த டிவிஎஸ் என்டார்க்கும், 2020இல் வந்த ராயல் என்ஃபீல்ட் மீட்டியோர் 350இன் டிரிப்பரும் திருப்பங்களை வண்டியின் சொந்தத் திரையிலேயே காட்டுகின்றன.

போலீஸ் பிடிக்குமா? 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் வழி பார்க்க மட்டும் கைபேசியை அனுமதிக்கிறது. ஓட்டிக்கொண்டே கையில் பிடித்துப் பேசினாலோ, மெசேஜ் தட்டினாலோ மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவு பாயும். முதல் முறை 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மூன்றாண்டுக்குள் மறுபடி சிக்கினால் அபராதம் 10,000 ரூபாய்.

வாங்கிய ஹோல்டர் உடைந்தால் தலைவிதி என்று விட்டுவிடுகிறார்கள், விட வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி பில் தர மறுப்பதே நேர்மையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் குறிக்காவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணத்தைத் தர மறுப்பதும் அப்படியே. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகை இந்த உரிமையை அழித்துவிடாது. ஆன்லைனில் வாங்கினால், நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்வு காண வேண்டும். ஹோல்டரின் குறையால் போன் நொறுங்கினாலோ ஆள் காயப்பட்டாலோ, ஹோல்டர் விலையோடு நிற்காமல் அந்த இழப்புக்கும் தயாரிப்பாளரிடம் ஈடு கேட்கலாம். சரியாக மாட்டும் முறையையோ எச்சரிக்கையையோ பெட்டியில் சொல்லாமல் விட்டதும் அவர் பொறுப்பே. சுயதொழிலாக வயிற்றுப்பாட்டுக்கு வண்டி ஓட்டுபவரும் சட்டத்தின் பார்வையில் நுகர்வோர்தான்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் களக்காட்டுக்காரர் திருநெல்வேலியிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். உடைந்த துண்டு, பெட்டி, பில், விழுந்த இடத்தின் படம், சர்வீஸ் சென்டர் எழுதிக்கொடுத்த பழுது விவரம் ஆகியவற்றை வழக்கு முடியும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.