தையல் பிரித்த பிறகு கைக்குள் நடப்பது

கண்ணாடியோ தகடோ மணிக்கட்டை ஆழமாக வெட்டினால் தசைநாணும் நரம்பும் சேர்ந்தே அறுபடலாம். ஆபரேஷன் முடிந்து ரெண்டு வாரம் போல ஆனதும் தையலைப் பிரித்துவிடுவார்கள். "ஆறிடுச்சே, எப்ப வேலைக்கு வர்றே?" என்று முதலாளி கேட்பது அப்போதுதான்.

உள்ளே கணக்கு வேறு. தைத்த தசைநாண் கனமான வேலையைத் தாங்க சுமார் 12 வாரம் வேண்டும். அதுக்காக அசைக்காமலே கட்டி வைத்தால் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொண்டு விரல் மடங்காது. அதனால் ஸ்பிளிண்ட் போட்டபடியே, சில நாளில் அளவான அசைவுகளைத் தொடங்கிவிடுகிறார்கள். ஆர்வக்கோளாறில் அதிகம் இழுத்தால் தையல் அறுந்துவிடும்.

நரம்பு இதைவிட மெதுவு. தைத்த இடத்திலிருந்து நாளுக்குத் தோராயமாக 1 மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல்நுனி 18 சென்டிமீட்டர் என்றால் ஆறு மாதத்துக்கும் மேல். அதுவரை அந்த விரல்களுக்குச் சூடு தெரியாது. டீ மாஸ்டரோ வெல்டரோ கையைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்யணும். உணர்வு திரும்பும்போதும் குழப்பமாகத்தான் வரும். கண்ணை மூடிக்கொண்டு நாணயம், சாக்குத்துணி என்று தடவித் தடவி மூளைக்குப் புதுசாகப் பழக்க வேண்டும்.

இந்திய இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலில் கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14. ஐந்து விரலும் இருந்து மடங்காத கைக்கு அதில் வரி கிடையாது. மருத்துவர்தான் மதிப்பிட வேண்டும். பிடிபலம், மூட்டு மடங்கும் கோணம் இரண்டையும் தெரபிஸ்ட் அளக்கும்போதெல்லாம் தேதியோடு எழுதி வாங்கி வையுங்கள்.