உழைப்பும் வறுமையும்: இருவேல்பட்டு காட்டும் உண்மை

கிராம சபையில் பயனாளிகள் பட்டியல் வாசிக்கப்படுங்கால், ஏதேனும் ஒரு பெயரைக் கேட்டவுடன், “அவனுக்கு எதற்கு வீடு? உழைக்க மனமில்லாதவன்” என்று ஒரு குரல் எழுவதை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். உடனே மற்றொரு பக்கத்திலிருந்து, “அவன் என்ன செய்வான்? நிலம் உண்டா, கையில் முதல் உண்டா?” என்று மறுமொழி வரும். இவ்விரண்டுக்கும் நடுவே அமர்ந்திருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலரின் நிலை, ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம் என்பது போன்றதே. ஆயினும் இதனை வெறும் வாய்ச்சண்டை என ஒதுக்கிவிட முடியாது. பட்டியலில் ஒரு பெயர் சேர்வதும் நீங்குவதும், வறுமைக்குக் காரணம் யாது என்று நாம் உள்ளூரக் கொண்டிருக்கும் எண்ணத்தைப் பொறுத்தே பெரும்பாலும் அமைகின்றன.

இவ்வினாவை வாதத்தால் மட்டும் தீர்க்க இயலாது. ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, தாத்தா காலம் முதல் பேரன் காலம் வரை அங்கு யார் ஏழையாக இருந்தார், எதனால் இருந்தார், எப்பொழுது அந்நிலை மாறிற்று என்று பார்த்தால் ஓரளவு தெளிவு பிறக்கும். நம் மாநிலத்திற்கு அத்தகைய ஆராய்ச்சி வாய்த்திருக்கிறது என்பது பலரும் அறியாத செய்தி.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக 1915-இல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்னும் ஆங்கிலேயர் வந்தார். நூல்களில் உள்ள இந்தியாவை விட ஊர்களில் உள்ள இந்தியாவை அறிய விரும்பிய அவர், 1916-இல் தம் மாணவர்களைத் தத்தம் ஊர்களுக்கே அனுப்பி, நிலம் யாரிடம் உள்ளது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று கணக்கெடுக்கச் செய்தார். அக்கணக்குகள் 1918-இல் நூலாக வெளிவந்தன. வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி, இருவேல்பட்டு ஆகிய ஊர்கள் அவற்றுள் அடங்கும். 1936-37-இல் பேராசிரியர் பி. ஜே. தாமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மீண்டும் ஆராய்ந்தனர். 1971-இல் மால்கம் ஆதிசேஷையா நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் பிற்காலத்தில் இப்பணியைத் தொடர்ந்தது. ஆழ்வார்பேட்டையிலிருந்து தெற்கே அடையாற்றைக் கடந்தால், காந்தி நகரில் இந்நிறுவனத்தைக் காணலாம். நகரத்தின் அமைதியான தெருவொன்றில் இருந்துகொண்டு சிற்றூர்களின் கணக்கைத் தலைமுறை தலைமுறையாகப் பேணிவரும் பெருமை அதற்கு உண்டு.

அவ்வூர்களுள் இருவேல்பட்டை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம். விழுப்புரம் மாவட்டத்தில், சென்னையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் அது. 1916-இல் அங்கு நிலத்தின் பெரும்பகுதி பெருநிலக்கிழார்கள் சிலரின் கையில் இருந்தது. நிலத்தில் உழைத்தவர்களுள் பலர் படியாட்கள். படியாள் என்பவர் யார்? திருமணச் செலவுக்கென்று ஒருவர் நிலக்கிழாரிடம் சிறு தொகை கடன் வாங்குவார். கடன் தீரும்வரை அவரிடமே வேலை செய்வதாக ஒப்புக்கொள்வார். தானியமாகக் கிடைக்கும் கூலி வயிற்றுக்கே போதாதபோது கடன் எவ்வாறு தீரும்? தீராது. தந்தையின் கடன் மகனுக்கு வந்தது. நிலம் கைமாறினால், அதனுடன் சேர்ந்து படியாளும் புதிய உடைமையாளரிடம் போக நேர்ந்தது. இம்முறைக்கு உட்பட்டவர் பெரும்பாலும் சேரியில் வாழ்ந்த ஒடுக்கப்பட்ட மக்களே என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

படியாள் சோம்பேறியா? அவ்வூரில் விடியுமுன் வயலுக்குச் சென்றவரும், இருட்டிய பின் திரும்பியவரும் அவரே. உழைப்புத்தான் செல்வத்தைத் தரும் என்றால் இருவேல்பட்டின் முதற்செல்வர் அவராக அல்லவா இருந்திருக்க வேண்டும்! அவர் ஒரு மணி நேரம் கூடுதலாக உழைத்தால் அதன் பலன் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டால் உண்மை விளங்கும். உழைத்தவர் அவர், பலன் அடைந்தவர் கடன் கொடுத்தவர்.

நிலமுடைய விவசாயிகள் இதனைத் தமக்குத் தொடர்பற்றதென்று கருதலாகாது. தாமஸ் குழுவினர் மீண்டும் ஊர் ஊராகச் சென்ற காலம், உலகப் பொருளாதார மந்தத்தை அடுத்த காலம். 1929-க்குப் பின் சில ஆண்டுகளுக்குள் நெல் விலை ஏறத்தாழப் பாதியாக வீழ்ந்தது. உழவர் அதே நிலத்தை அதே ஏரால் உழுதார். அதே அளவு நெல்லைக் கண்டார். ஆனால் முன்பு பத்து மூட்டை விற்றுக் கட்டக்கூடிய கடனுக்கு இப்போது இருபது மூட்டை விற்க வேண்டியதாயிற்று. அவரது முயற்சியில் என்ன குறை நேர்ந்தது? ஒன்றுமில்லை. எங்கோ தொலைவில் சந்தை சரிந்தது. இங்கே குடும்பம் சரிந்தது.

அப்போது அரசு தலையிட்டது. இராஜாஜியின் அமைச்சரவை கொண்டுவந்த 1938-ஆம் ஆண்டின் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபருக்கு முற்பட்ட கடன்களின் மீது 1937 அக்டோபர் முதல் நாள் வரை நிலுவையாக இருந்த வட்டியைத் தள்ளுபடி செய்தது. வாங்கிய முதலுக்கு இரட்டிப்பாகச் செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததாக விதித்தது. அதனால் பிழைத்த குடும்பங்கள் பல. ஆனால், நிலத்தில் ஏதேனும் ஓர் உரிமை உடையவரையே அச்சட்டம் ‘விவசாயி’ எனக் கொண்டது. நிலமற்ற படியாளின் கடன் அப்படியே நின்றது. கதவு திறக்கப்பட்டது, ஆயினும் எல்லாருக்குமன்று.

நிற்க. 1981-இல் எஸ். குகனும் ஜோன் மென்சரும் இருவேல்பட்டை ஆராய்ந்தனர். தமிழக அரசின் நிதித்துறைச் செயலாளராகப் பணியாற்றியவர் குகன். ஆதலின் கணக்கின் அருமையும் அதன் குறையும் அறிந்தவர். பின்னர் 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் அங்குச் சென்றனர். அவர்கள் கண்ட ஊர் பெரிதும் மாறியிருந்தது. பெருநிலக்கிழார் கையிலிருந்த நிலத்தின் பங்கு குறைந்திருந்தது. அவர்களது செல்வாக்கும் குறைந்திருந்தது. உழவை மட்டும் நம்பியிராமல் வெளியூர் வேலையாலும் பிற தொழிலாலும் பலர் வாழ்ந்தனர். படியாள் முறை பழங்கதையாகி, பட்டியல் சாதியினரின் வாழ்க்கைத்தரம் உயர்ந்திருந்தது. வறுமை முற்றும் ஒழிந்தது என்று எவரும் சொல்லவில்லை. ஆயினும் 1916-இல் கண்ட அடிமைநிலை இல்லை.

படியாளின் பேரர் தம் தாத்தாவை விட அதிகமாகப் பாடுபட்டாரா? அவ்வாறு நம்ப நமக்குக் காரணம் ஒன்றும் தோன்றவில்லை. மாறியவை வேறு. பள்ளி அருகில் வந்தது. 1956-இல் காமராசர் காலத்தில் தொடங்கி, 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் விரிவடைந்த மதிய உணவு, பிள்ளையை மாடு மேய்க்க அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்பத் தாய்க்குத் துணிவு தந்தது. நியாயவிலைக் கடை அரிசி, கூலிக்காக ஒருவர் வாசலில் மட்டுமே நிற்க வேண்டிய கட்டாயத்தைத் தளர்த்தியது. 2006 பிப்ரவரியில் தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் முதற்கட்டமாகத் தொடங்கப்பட்ட மாவட்டங்களுள் விழுப்புரமும் ஒன்று. நெடுஞ்சாலை வழியே பேருந்து வந்தது; வெளியூர் வேலையும் வந்தது. ‘இவர் வேலை தராவிட்டால் அவரிடம் போவேன்’ என்று ஒரு கூலியாள் சொல்ல முடிந்த நாளே, அவரது உழைப்புக்கு விலை கிடைக்கத் தொடங்கிய நாள்.

இவ்வாறு கூறுவதால் தனிமனித முயற்சிக்கு மதிப்பில்லை என்று நாம் சொல்வதாகக் கொள்ளலாகாது. ஒரே தெருவில், ஒரே அளவு நிலத்தோடு தொடங்கிய இருவரில் ஒருவர் இரண்டு கறவை மாடு வாங்கி முன்னேறுவதையும், மற்றொருவர் குடியில் அனைத்தையும் இழப்பதையும் நாம் காண்கிறோம். அந்த வேறுபாட்டுக்கு முயற்சியும் ஒழுக்கமும் நிச்சயமாகக் காரணம். 1989-இல் தருமபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியபோது, கடன் கிடைக்கும் வழி திறந்ததும் பெண்கள் காட்டிய ஊக்கம், அது அதுநாள் வரை எங்கே இருந்தது என்று கேட்க வைத்தது. அவர்களிடமேதான் இருந்தது; பயன்பட இடமின்றிக் கிடந்தது. ஆகவே, இரு அண்டை வீட்டாரிடையே உள்ள வேறுபாட்டை முயற்சி விளக்கும். ஒரு தெருவே தலைமுறைகளாக ஏழையாக இருப்பதை அது விளக்காது. இவ்விரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதாலேயே கிராம சபையில் சண்டை மூள்கிறது என்பது நம் கருத்து.

ஊரை விட்டு நகரம் சென்றாலும் இதே உண்மைதான். ஆழ்வார்பேட்டை, மயிலாப்பூர் வீடுகளில் பாத்திரம் துலக்கியும் சமைத்தும் பிழைத்த பெண்கள் பலர், நடந்து செல்லும் தூரத்திலிருந்த குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தவர்கள். 2000 முதல் கண்ணகி நகரிலும், பின்னர் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டு, நகரின் பல பகுதிகளிலிருந்து குடும்பங்கள் அங்கே குடியமர்த்தப்பட்டன. கூரை உறுதியாயிற்று, வேலையோ பதினைந்து இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போயிற்று. காலை ஆறு மணிக்குள் வேலைக்கு வர வேண்டிய பெண், பிள்ளையைப் பள்ளிக்கும் அனுப்பிவிட்டுப் பேருந்தும் பிடித்து எவ்வாறு வருவார்? வேலையை விட்டவர் பலர். அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? ஊராட்சிகள் வீட்டுமனை ஒதுக்கப் பரிந்துரைக்கையில், ஊருக்கு வெகுதொலைவில் ஏரிக்கரைக்கு அப்பாலுள்ள புறம்போக்கைக் காட்டுமுன் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

இனி, நம் ஊராட்சிகளில் உடனே செய்யத்தக்க ஒரு காரியம் உண்டு. படியாள் முறை இருவேல்பட்டில் மறைந்தது உண்மை. ஆனால் ‘முன்பணம்’ என்ற பெயரில் அது செங்கற்சூளைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் இன்றும் தலைகாட்டுகிறது. பொங்கல் முடிந்ததும், முன்பணம் வாங்கிய குடும்பம் பிள்ளைகளோடு சூளைக்குப் புறப்படுகிறது. மழை தொடங்கும் முன் திரும்பும்போது கணக்குப் பார்த்தால் கடன் குறைந்திருப்பதில்லை. அடுத்த ஆண்டும் போக வேண்டியதாகிறது. இருளர் குடும்பங்கள் பல இவ்வாறு சிக்கியிருக்கின்றன. 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 1976-இல் நாடாளுமன்றச் சட்டமான கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தின்படி, இத்தகைய கடன் அறவே அழிந்துவிடும். அதை வசூலிப்பதே குற்றம். வருவாய்க் கோட்டாட்சியரிடம் முறையிட்டால் அவர் விசாரித்து விடுதலைச் சான்று வழங்குவார். அச்சான்று இருந்தால்தான் மறுவாழ்வு உதவி கிட்டும். எழுதப்படிக்கத் தெரியாத ஒருவர் அவ்வலுவலகத்தை நாடிச் செல்வது அரிது. வார்டு உறுப்பினர் ஒருவர் உடன் சென்றால் எளிது.

பிறகு கணக்கெடுப்பு. பட்டியல் தயாரிக்கும்போது ‘இவர் உழைக்கிறாரா’ என்று மட்டும் கேட்பதை விடுத்து, இவர் யாரிடம் கடன்பட்டிருக்கிறார், குடியிருக்கும் மனைக்குப் பட்டா உண்டா, வீட்டில் தீரா நோயாளர் உண்டா, பிள்ளை ஏன் பள்ளியில் இல்லை என்று கேட்டுப் பதிய வேண்டுகிறோம். முதியோர் இருவர் மட்டும் வாழும் வீட்டில் முயற்சி பற்றிப் பேசிப் பயனில்லை. 1962 முதல் நடைமுறையில் உள்ள முதியோர் உதவித்தொகை அவர்களுக்குக் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டியதுதான். அன்றியும், இருவேல்பட்டுப் பகுதியையே 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலையொட்டிய வெள்ளம் சூழ்ந்தது. அத்தகைய ஓர் இரவில் பல ஆண்டுச் சேமிப்பு போய்விடக்கூடும். சென்ற ஆண்டு வசதியாக இருந்தவர் என்ற காரணத்தால் ஒரு பெயரை நீக்குமுன் இதனையும் விசாரித்தல் வேண்டும்.

சூளைக்குச் செல்லும் குடும்பங்களின் பெயர் பட்டியலில் விடுபடுவதற்குப் பெரிய காரணம், கணக்கெடுக்கும் நாளில் அவர்கள் ஊரில் இல்லாமையே. ஜனவரி 26, மார்ச் 22, மே 1 ஆகிய கிராம சபைகளின்போது பெரும்பாலோர் வெளியூரில் இருப்பர். நவம்பர் 1, உள்ளாட்சி தினக் கிராம சபைக் காலத்தில் மழையால் சூளைகள் மூடப்பட்டு, அவர்கள் ஊர் திரும்பியிருப்பர். அந்நாளுக்கு ஒரு வாரம் முன்பே அவர்களது குடியிருப்பில் தண்டோரா போட்டு, கூட்ட நேரத்தையும் இடத்தையும் தெரிவித்துவிட வேண்டும்.