விசைத் தெளிப்பான் மெது ஓட்டத்தில் அணைகிறதா? காரணங்களும் சீர்செய்யும் முறைகளும்

பருத்தி, மக்காச்சோளம், நெல், மா முதலிய பயிர்களுக்கு மருந்து தெளிக்க, முதுகில் சுமக்கும் பெட்ரோல் விசைத் தெளிப்பான்கள் பெரிதும் பயன்பட்டு வருகின்றன. இவற்றில் விவசாயிகள் அடிக்கடி கூறும் குறை ஒன்று உண்டு. ஆக்சிலரேட்டரைக் கூட்டி வைத்தால் இஞ்சின் நன்றாக ஓடுகிறது, குறைத்தவுடன் அணைந்துவிடுகிறது. இதனைப் பட்டறைக்காரர்கள் 'ஸ்லோ நிற்கவில்லை' என்பார்கள்.

இதைச் சிறு குறை என்று தள்ளிவிட முடியாது. 2018-ஆம் ஆண்டு முதல் மக்காச்சோளத்தைத் தாக்கிவரும் படைப்புழுவுக்கு வெயில் ஏறுமுன் காலையிலோ, வெயில் தாழ்ந்த பின் மாலையிலோ மருந்து தெளிப்பது நல்லது. கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில், வரிசை திரும்பும்போதெல்லாம் இஞ்சின் அணைந்தால், கருவியை இறக்கிக் கயிறு இழுப்பதிலேயே பொழுது போய்விடும். அதற்கு அஞ்சி எந்நேரமும் முழு வேகத்தில் வைத்திருந்தால் பெட்ரோல் வீணாகும். எல்லாவற்றிலும் முக்கியமாக, இக்குறைக்கான காரணங்களில் சில, கவனிக்காமல் விட்டால் பிஸ்டனையே கடித்து நிறுத்திவிடக் கூடியவை.

மெது ஓட்டம் ஏன் முதலில் கெடுகிறது?

இஞ்சின் மெதுவாக ஓடும்போது கார்புரேட்டரின் காற்று வாயில் ஏறக்குறைய மூடியே இருக்கும். அந்த நேரத்தில் பெட்ரோல் மிக நுண்ணிய துளை வழியாகச் சிறிதளவே செல்கிறது. ஒரு மணல் துகளோ, காய்ந்த ஆயில் பிசினோ அத்துளையை அடைத்துவிடப் போதும். முழு வேகத்தில் பெட்ரோல் பெரிய துளை வழியாகச் செல்வதால் அப்போது குறை தெரிவதில்லை. காற்றுக் கசிவு, பிளக்கின் வலுக்குறைவு, ரிங் தேய்மானம் ஆகியவையும் முதலில் மெது ஓட்டத்திலேயே வெளிப்படும்.

முதலில் பெட்ரோலைப் பாருங்கள்

கார்புரேட்டரைக் கழற்றுமுன் டாங்கில் உள்ள பெட்ரோலில் சிறிது எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி அசையாமல் வைத்துப் பார்க்க வேண்டும். அடியில் தனிப் படிவம் தெரிந்தால் நீர் கலந்துள்ளது என்று அறியலாம். இப்போது விற்கப்படும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்துள்ளது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. நீர் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்தால், எத்தனாலும் நீரும் ஒன்றாகி டாங்கின் அடியில் தங்கிவிடும். ஆயில் மேலேயுள்ள பெட்ரோலுடன் நின்றுவிடுவதால், அடிப் படிவத்தைக் குடிக்கும் இஞ்சினுக்கு மசகு கிடைப்பதில்லை. மாதக் கணக்கில் டாங்கில் கிடந்த பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாகக் கலந்து ஊற்றினாலே பல தெளிப்பான்கள் சரியாகிவிடும்.

ஆயில் அளவிலும் கவனம் தேவை. இரண்டு வீச்சு இஞ்சின்களுக்கு உரிய 2டி ஆயிலை, கருவியின் கையேட்டில் கூறியுள்ள விகிதத்தில் கலக்க வேண்டும். 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி. 50-க்கு 1 என்றால் 20 மில்லி. கண் மதிப்பாக ஊற்றுவது கூடாது. ஆயில் மிகுந்தால் பிளக்கில் கரி படியும். குறைந்தால் பிஸ்டன் கடிக்கும்.

காற்று வடிகட்டியும் பிளக்கும்

வடிகட்டிப் பஞ்சில் தூசி அடைத்திருந்தால் காற்றுக் குறைந்து பெட்ரோல் மிகுந்துவிடும். பஞ்சைச் சோப்பு நீரில் அலசி, நன்கு உலர்த்திப் போட வேண்டும். வடிகட்டி இல்லாமல் இஞ்சினை ஓட்டக் கூடாது.

பிளக்கைக் கழற்றினால் அதன் நிறமே நோயைச் சொல்லும். இளம் பழுப்பாக இருந்தால் எரிதல் சரி. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோலோ ஆயிலோ மிகுதி. வெளுத்து வறண்டிருந்தால் பெட்ரோல் போதவில்லை அல்லது காற்று கசிகிறது. கரியைத் துடைத்து, முனை இடைவெளியைக் கையேட்டில் உள்ளபடி சரிசெய்ய வேண்டும்; பெரும்பாலும் இது 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை இருக்கும். ஐயமிருந்தால் அதே வகைப் புதிய பிளக் ஒன்றைப் போட்டுப் பார்ப்பதே எளிய சோதனை.

சோக் சோதனை

இவற்றுக்குப் பின்னும் குறை நீங்காவிட்டால், இஞ்சினை ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, ஆக்சிலரேட்டரைக் குறைத்துக்கொண்டே சோக்கைச் சிறிது மூடிப் பார்க்க வேண்டும். அப்போது அணையாமல் நின்றால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். மெது ஓட்டத் துளை அடைத்திருக்கலாம் அல்லது எங்கேனும் காற்று கசியலாம். மாறாக, உடனே திணறிப் புகை கக்கி அணைந்தால் பெட்ரோல் மிகுதியாக வருகிறது. மிதவை உள்ள கார்புரேட்டரில் ஊசி வால்வு சரியாக அமராமல் இருப்பது இதற்கு ஒரு காரணம்.

கார்புரேட்டரைச் சுத்தம் செய்தல்

கார்புரேட்டரைக் கழற்றிக் கிண்ணத்தின் அடியில் உள்ள கசடைத் துடைத்து, துளைகளைச் சுத்தமான பெட்ரோலில் கழுவி, சைக்கிள் பம்பினால் காற்றடிக்க வேண்டும். ஊசி, கம்பி எதனையும் துளையில் நுழைக்கக் கூடாது. துளை சிறிது பெரிதானாலும் பெட்ரோல் அளவு நிரந்தரமாகக் கெட்டுவிடும். ரப்பர் சவ்வு உள்ள கார்புரேட்டர்களில் சவ்வு விறைத்தோ சுருங்கியோ இருந்தால் மாற்றுவது தவிர வேறு வழியில்லை. இவ்வகையில் காற்றழுத்தம் சவ்வைக் கிழிக்கும் என்பதால், சவ்வைக் கழற்றி வைத்த பின்னரே காற்றடிக்க வேண்டும்.

காற்றுக் கசிவு

இஞ்சின் தானாகவே வேகம் கூடி, பின்பு அணைந்தால், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். முதலில் நட்டுகளை இறுக்கிப் பார்க்கவும். பிறகு இஞ்சின் ஓடும்போது அந்த இணைப்பைச் சுற்றிச் சில சொட்டு ஆயில் விட்டால், கசிவுள்ள இடத்தில் ஆயில் பட்டதும் ஓட்டத்தில் மாறுதல் தெரியும். பெட்ரோலைத் தெளித்துச் சோதிப்பது தீ விபத்தை விலைக்கு வாங்குவதாகும். கேஸ்கட் சரியாக இருந்தும் குறை நீடித்தால் கிராங்க் ஆயில் சீல் தேய்ந்திருக்கலாம். அதனைப் பட்டறையில்தான் மாற்ற வேண்டும்.

சைலன்சரில் கரி அடைத்தாலும் இஞ்சின் திணறும். ஆனால் அப்போது முழு வேகமும் குறைந்திருக்கும். கயிறு இழுக்கும்போது கைக்கு எதிர்ப்பே தெரியாவிட்டால் ரிங் அல்லது சிலிண்டர் தேய்ந்துள்ளது.

ஸ்குருவைத் திருப்புவது கடைசி வேலை

பலர் முதலில் கைவைப்பது ஸ்லோ ஸ்குருவில்தான். அதை முறுக்கி வேகத்தைக் கூட்டினால் இஞ்சின் அணையாது. ஆனால் குறை உள்ளேயே இருக்கும். காற்றுக் கசிவினால் பெட்ரோல் குறைந்து ஓடும் இஞ்சினுக்கு ஆயிலும் குறைவாகவே கிடைக்கும். இஞ்சின் சூடேறி, நடுத் தெளிப்பில் பிஸ்டன் கடித்து நின்றுவிடும். சில ரூபாய் கேஸ்கட்டுக்குப் பதில் சிலிண்டரும் பிஸ்டனும் வாங்க நேரிடும்.

மேற்கூறிய யாவும் சரியான பின், வடிகட்டியைப் பொருத்தி, இஞ்சின் சூடான நிலையில் ஸ்குருவைத் திருத்தலாம். பெட்ரோல் அளவுக்குத் தனி ஸ்குரு உள்ள வகைகளில் 'எல்' எழுத்துள்ளதை மெதுவாக உள்ளே திருப்பி வேகம் குறையும் இடத்தையும், வெளியே திருப்பி மீண்டும் குறையும் இடத்தையும் குறித்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் சற்று வெளிப்புறமாக நிறுத்த வேண்டும். அதன் பின்னரே ஸ்லோ ஸ்குருவைத் திருப்பி, இஞ்சின் அணையாமல் ஓடும் மிகக் குறைந்த வேகத்தில் வைக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

மருந்து டாங்கில் இருக்கும்போது பழுது பார்க்கக் கூடாது. டாங்கைக் காலி செய்து கழுவி, கைகளையும் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே தொடங்க வேண்டும். சூடான இஞ்சினில் பெட்ரோல் ஊற்றுவதும், அருகில் பீடி பற்ற வைப்பதும் ஆபத்து.

பருவம் முடிந்ததும் பெட்ரோலை வடித்து, கார்புரேட்டரில் உள்ளது தீரும்வரை இஞ்சினை ஓட்டி அணைய விட வேண்டும். ஆறிய பின் பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி 2டி ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இருமுறை இழுத்து, பிளக்கை மாட்டி வைத்தால் துரு ஏறாது. அடுத்த பருவத்தில் கருவியை எடுக்கும்போது ஏற்படும் தொல்லைகளில் பெரும்பகுதி இதனால் நீங்கிவிடும். பூச்சி தென்பட்ட அன்றே தெளிப்பான் தயாராக இருந்தால்தான் மருந்துக்குச் செலவிட்ட பணம் பயன் தரும்.