வண்டிக்கு அட்வான்ஸ் கட்டும் முன்பு

குத்தூசி போட்டு மாதிரி பார்க்காமல் ஒரு மூட்டை பருப்பு எடுக்காத நம் அன்பர்கள், பத்து லட்ச ரூபாய் காருக்கு ஆர்டர் பாரத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டு வந்துவிடுகிறார்கள். பிறகு தகராறு வரும்போது சேல்ஸ்மேன் வாயால் சொன்னதைச் சாட்சிக்கு அழைக்கிறோம். அவர் அதற்குள் வேறு ஷோரூமுக்கு மாறியிருப்பார்.

அந்தப் பாரம்தான் ஒப்பந்தம். இலவச சீட் கவர், டெலிவரி தேதி, பழைய வண்டிக்குப் பேசிய மதிப்பு, தள்ளுபடி எல்லாம் அதில் ஏற வேண்டும். பெரும்பாலான பாரங்களில் 'டெலிவரி நாளன்று உள்ள விலையே செல்லும்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். விலை உயர்ந்தால் அந்த வரி நம்மைக் கட்டும். வரி விஷயம் வேறு. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, இடையில் வரி ஏறினால் விற்பவர் கூட்டிக்கொள்ளலாம், குறைந்தால் வாங்குபவர் கழித்துக்கொள்ளலாம் என்கிறது 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஏ பிரிவு. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தபோது, முன்பே புக் செய்து வண்டி எடுக்காமல் இருந்தவர்களுக்கு இந்தக் கேள்வி நேராகவே வந்தது.

புக்கிங்கை ரத்து செய்தால் முழு அட்வான்ஸும் போய்விடும் என்று எழுதியிருந்தாலும் அதுவே முடிவல்ல. ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, எழுதிய தொகைக்கு மேற்படாமல் நியாயமான நஷ்டஈடு மட்டுமே பொதுவாகக் கிடைக்கும்.

போன வருடத்து வண்டியைப் புதுசு என்று தள்ளிவிடுவதும் உண்டு. படிவம் 21இல் தயாரிப்பு மாதமும் வருடமும் இருக்கும்; பணம் முழுவதும் கட்டுமுன் சேஸிஸ் நம்பரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. கோவாவில் இப்படி 2009 மாடல் காரை 2011இல் விற்ற ஒரு வழக்கில், கம்பெனியும் டீலரும் தனித்தனி வியாபாரிகள், டீலர் செய்த தவறுக்குக் கம்பெனி தானாகப் பொறுப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் கூறிவிட்டது. ஆகவே புகாரில் யார் என்ன செய்தார் என்பதைப் பிரித்து எழுத வேண்டும்.

நமக்கு முக்கியமான கேள்வி இன்னொன்று. வியாபாரிக்கு நுகர்வோர் ஆணையம் கதவைத் திறக்குமா? வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்கிறது சட்டம். ஆனால் பிழைப்புக்காகச் சுயதொழிலில் தானே பயன்படுத்தினால் அவர் நுகர்வோர்தான். கோவை பி.எஸ்.ஜி. நிறுவனத்திடம் வாங்கிய இயந்திரம் பற்றிய 1995ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது: தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்கியவர் நுகர்வோர், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டதால் அந்த உரிமை போய்விடாது. அந்த வழக்கில் இயந்திரம் வாங்கியவருக்கு மட்டும் அது கிடைக்கவில்லை, அவர் வாங்கியது பெரிய அளவில் உற்பத்தி செய்து லாபம் பார்க்க என்பதால். 2024இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. கம்பெனி பெயரில் வாங்கிய காராயினும், இயக்குநரின் சொந்த உபயோகத்துக்கு என்றால் வணிக நோக்கம் ஆகாது. எனவே பில் யார் பெயரில் என்பதைவிட, வண்டி எதற்கு என்பதே பார்க்கப்படுகிறது. நாலைந்து வேன் வைத்து ஆள் போட்டு ஓட்டும் மொத்த வியாபாரிக்கு மட்டும் சிவில் கோர்ட்தான் வழி என்று எண்ணிக்கொள்வது நல்லது.

கட்டிய விலை 50 லட்சம் வரையென்றால் மாவட்ட ஆணையம் போதும். டீலர் வேறு ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். 10 முதல் 20 லட்ச ரூபாய் வண்டிக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். காலக்கெடு இரண்டு வருடம். சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறையும் 'பார்த்து அனுப்பினோம்' என்று சொல்லி அனுப்பினால், ஜாப் கார்டில் குறையை எழுதச் சொல்லி நகல் வாங்காமல் கிளம்ப வேண்டாம்.