செயற்கைக்கோள் நம்ம ஆற்றின் வெப்பநிலையை அளக்குமா?

போன தவணையில் என் படிவம் நான்கு மாணவர்கள் ஸ்கூடாய் ஆற்றைப் பற்றி விளக்கக் கட்டுரை எழுதினார்கள். அதில் ஒரு வாக்கியம்: "செயற்கைக்கோள் படத்தின்படி செனாய் அருகே ஆற்று நீரின் வெப்பம் 35 பாகை செல்சியஸ் ஆகும்." சந்திப்பிழை இல்லை, வாக்கிய அமைப்பும் சரி. நானும் 'டிக்' போட்டுவிட்டேன். அறிவியல் ஆசிரியர்தான் பார்த்துவிட்டுக் கேட்டார், "டீச்சர், அந்த ஆத்துல யாராவது கால வச்சுப் பார்த்தாங்களா?"

கேள்வி நியாயமானது. ஆகவே, கொஞ்சம் தேடிப் படித்தேன்.

எல்லாப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்றபடி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வெளிவிடுகிறது. 2013-இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 8, 2021-இல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 9 ஆகிய இரண்டும் சுமார் 705 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இந்தக் கதிரைப் பதிவு செய்கின்றன. ஒவ்வொன்றும் 16 நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்துக்குத் திரும்பி வரும். படங்கள் இலவசம், மாணவர்களும் பதிவிறக்கலாம். மேற்பரப்பு வெப்பநிலைக் கோப்பில் ஒவ்வொரு படப்புள்ளிக்கும் ஓர் எண் இருக்கும். அதை 0.00341802-ஆல் பெருக்கி 149-ஐக் கூட்டினால் கெல்வின் கிடைக்கும். பிறகு 273.15-ஐக் கழிக்க வேண்டும். 45000 என்ற எண் இப்படித்தான் ஏறக்குறைய 29.7 பாகை செல்சியஸ் ஆகிறது.

மாணவர்கள் இந்தக் கணக்கில் தவறவில்லை. அவர்கள் சறுக்கியது வேறு இடத்தில். கோப்பில் படப்புள்ளியின் அளவு 30 மீட்டர் என்று போட்டிருக்கும். ஆனால் வெப்பக் கருவி உண்மையில் பார்ப்பது 100 மீட்டர் கட்டங்களாகத்தான். 30 மீட்டர் என்பது பிறகு கணினி நறுக்கிக் கொடுப்பது.

செனாய்ப் பக்கம் நம் ஆறு 100 மீட்டருக்குக் கிட்டேயே வராது. ஆற்றின் அகலம் 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் தண்ணீர். மீதி தார்ச்சாலை, தொழிற்சாலைக் கூரை, மண். தண்ணீர் 27 பாகை, கரை 37 பாகை என்றால் சராசரி 35 வந்துவிடும்! மாணவர்கள் அளந்தது ஆற்றை அல்ல, கரையை. நம்பத்தக்க அளவு வேண்டுமானால் ஆற்றின் அகலத்துக்குள் குறைந்தது மூன்று கட்டங்களாவது அடங்க வேண்டும் என்பார்கள்.

இன்னும் சில தடைகள் உண்டு. மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. ஜொகூர் வானத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செயற்கைக்கோள் நம்மைக் கடப்பது காலை 11 மணியை ஒட்டித்தான். பிற்பகல் சூடு அதற்குத் தெரியாது. அது பார்ப்பதும் நீரின் மேல்தோலை மட்டுமே, ஒரு மில்லிமீட்டர்கூட இராது.

அப்படியானால் வீண்தானா? இல்லைங்க. லிங்கியு நீர்த்தேக்கம், ஜொகூர் நீரிணை, ஜொகூர் ஆற்றின் அகன்ற முகத்துவாரம் போன்ற இடங்களுக்கு இது நல்ல கருவி. சுங்கை பூலாய் முகத்துவாரத்தில் தஞ்சோங் பின் அனல்மின் நிலையம் இருக்கிறது. அதை ஒட்டிய சதுப்புநிலக் காடு 2003 முதல் ராம்சார் தளம். அங்கே வெந்நீர் பரவுகிறதா என்று வருடக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்க இந்தப் படங்கள் உதவும்.

ஓரிரு பாகை மாறினால் என்ன என்று மாணவர் கேட்கலாம். 25 பாகையில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 பாகையில் 7.6 தான். ஏற்கெனவே கழிவு கலந்த ஆற்றில் மீனுக்கு இது உயிர்ப்பிரச்சினை. ஆனால், வெப்பநிலை எல்லாவற்றையும் சொல்லிவிடாது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டு 111 பள்ளிகள் மூடப்பட்டனவே, அந்த நஞ்சை எந்த வெப்பப்படமும் காட்டியிருக்காது.

இனி நம் பாடத்துக்கு வருவோம். 'வெப்பம்' என்பது ஆற்றல். பாகையில் சொல்வது 'வெப்பநிலை'. அடுத்து, 'ஆகும்' என்று அடித்துச் சொல்வதற்கும் 'என மதிப்பிடப்படுகிறது' என்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. மாணவர்கள் பாலத்திலிருந்து கயிற்றில் வெப்பமானியை இறக்கிப் பார்த்துவிட்டு வந்து திருத்தி எழுதியது இது: "செயற்கைக்கோள் படத்தில் ஆறும் கரையும் சேர்ந்த பகுதியின் மேற்பரப்பு வெப்பநிலை 35 பாகை செல்சியஸ் என மதிப்பிடப்படுகிறது, பாலத்தடியில் நாங்கள் அளந்த நீரின் வெப்பநிலையோ 27 பாகை செல்சியஸ்."

இந்த முறை 'டிக்' போட்டது அறிவியல் ஆசிரியர்.