கரன்ட் கொடுத்தால் காயம் ஆறுமா, காய்ச்சல் ஓடுமா?

பால்கோவாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர், நாய்க்கும் நூற்பாலைக்கும் ராஜபாளையம் என்று எல்லோருக்கும் தெரியும். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சத்திரப்பட்டியைத்தான் வெளியூர்க்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் உங்கள் காயத்தைக் கட்டிய பேண்டேஜ் துணி, இந்த ஊர் விசைத்தறியில் நெய்ததாகவே இருக்கலாம்.

அந்தத் துணி ரத்தத்தையும் சீழையும் உறிஞ்சும், தூசியைத் தடுக்கும். காயத்தை ஆற்றுவது என்னவோ நம் உடம்புதான். அந்த வேலையை மின்சாரத்தால் வேகப்படுத்த முடியுமா என்பதே இப்போது ஆய்வுக்கூடங்களில் நடக்கும் ஆராய்ச்சி.

யோசனை பழசு. 1843-லேயே ஜெர்மன் விஞ்ஞானி எமில் டு புவா ரேமோன், தன் விரலில் ஏற்பட்ட வெட்டுக்காயத்தில் மெல்லிய மின்னோட்டம் இருப்பதை அளந்து காட்டினார். தோல் கிழிந்த இடத்தில் உருவாகும் இந்த மின்புலம், செல்களைக் காயத்தை நோக்கி நகரவைக்கும் வழிகாட்டிகளில் ஒன்று.

அங்கே முதலில் வந்து சேர்பவர்களில் முக்கியமானவை 'மேக்ரோஃபேஜ்' எனும் நோய் எதிர்ப்பு செல்கள். கிருமியையும் செத்த செல்லையும் விழுங்கும் துப்புரவுப் பணியாளர்கள். இவற்றுக்கு இரண்டு முகம் உண்டு. சண்டை போடும்போது வீக்கம், சிவப்பு, வலி. சண்டை முடிந்ததும் புதுத் திசு வளர உதவும். சர்க்கரை நோயாளிகளின் கால் புண் மாதக்கணக்கில் ஆறாமல் இருப்பதற்கு, இவை சண்டை முகத்திலேயே நின்றுபோவதும் ஒரு காரணம்.

அயர்லாந்தின் டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள், ரத்த தானத்தில் கிடைத்த மனித மேக்ரோஃபேஜ்களுக்கு மின்தூண்டல் கொடுத்துப் பார்த்தார்கள். வீக்கத்தைத் தூண்டும் மரபணுக்களின் வேலை குறைந்தது; புது ரத்தக் குழாய்கள் உருவாக உதவும் மரபணுக்களின் வேலை கூடியது. 2025-ல் வெளியான இந்த ஆய்வு நடந்தது ஆய்வுக்கூடச் செல்களில்தான், நோயாளிகளிடம் அல்ல. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 2022-ல் செய்த 'ஸ்மார்ட் பேண்டேஜ்' எலிகளின் காயத்தைச் சுமார் 25% வேகமாக ஆற்றியது.

சரி, வைரஸ் காய்ச்சலுக்கு? இங்கேதான் குழப்பம். மேலே சொன்ன மின்தூண்டல் செய்வது செல்களை அமைதிப்படுத்தும் வேலை. வைரஸ் நுழைந்த முதல் நாள்களில் உடம்புக்குத் தேவை அமைதி அல்ல, சண்டை. போதாக்குறைக்கு, டெங்கு வைரஸ் மேக்ரோஃபேஜுக்குள்ளேயே புகுந்து பெருகக்கூடியது! கொரோனா காலத்தில், 2020 ஜூலையில், கழுத்தில் வைத்து வேகஸ் நரம்பைத் தூண்டும் கருவி ஒன்றுக்கு அமெரிக்கா அவசர அனுமதி தந்தது உண்மை. அதுவும் ஆஸ்துமா தொடர்பான மூச்சுத்திணறலைக் குறைக்கத்தான், வைரஸை அழிக்க அல்ல.

ஆகவே, கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் போட்டு, "பாதத்தை வைங்கம்மா, இம்யூனிட்டி ஏறும்" என்று யாராவது கரன்ட் மெஷின் விற்றால், எந்த செல்லுக்கு, எவ்வளவு நேரம், எந்த அளவு என்று கேட்டுப் பாருங்கள். பிசியோதெரபியில் வலிக்காக வைக்கும் கருவி வேறு. அதை அளவறிந்தவர் வைக்கிறார். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்த மெஷினையும் தொடக் கூடாது. சர்க்கரை நோயாளிகளில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். மெஷின் சுட்டாலும் அவர்களுக்குச் சுடுவது தெரியாது.