புளி போட்டுத் துலக்கிய காலணா

வீட்டில் பழைய காசு இருந்தால் அதைப் பளபளவென்று வைத்திருப்பதுதான் ஒரு காலத்தில் மரியாதை. ஆயுத பூஜைக்குக் குத்துவிளக்கு துலக்கும்போது, பூஜைத் தட்டில் கிடக்கும் 1835-ஆம் ஆண்டுக் கம்பெனிக் காலணாவுக்கும் புளியும் சாம்பலும் கிடைக்கும். விக்டோரியா தலை போட்ட வெள்ளி ரூபாய்க்கு விபூதி. வருஷா வருஷம் இந்த உபசாரம் நடந்ததில் மகாராணியின் மூக்கு மழுங்கிப்போன ரூபாய்கள் ஏராளம். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களுக்கு அது சேகரிப்பு அல்ல, லட்சுமி. லட்சுமியை அழுக்காகவா வைப்பார்கள்?

இன்று அதே காசைச் சேகரிப்பவரிடம் நீட்டினால், ஆண்டைப் பார்ப்பதற்கு முன்பே கேட்பார்: "தேய்ச்சிருக்கீங்களா சார்?"

கேட்பதில் நியாயம் இருக்கிறது. செம்பின் மேல் பல பத்தாண்டுகளில் படிந்த பழுப்புப் பூச்சு, அடியில் உள்ள உலோகத்துக்குக் காவல். புளியின் அமிலம் அதைக் கரைக்கிறது, சாம்பல் கீறுகிறது. வெள்ளியின் கறுப்பும் வெளியிலிருந்து ஒட்டிய அழுக்கு அல்ல. காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து மாறிய வெள்ளியேதான். திரவத்தில் முக்கி அதை எடுத்தால் கூடவே காசின் மேல்தோலும் போகிறது. காசுகளுக்குத் தரச்சான்று தரும் நிறுவனங்கள் தேய்த்த காசுக்கு வழக்கமான தர எண் கொடுப்பதில்லை. ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று எழுதிவிடுகின்றன. விலை அங்கேயே விழுந்துவிடும்.

மண்ணிலிருந்து வரும் காசுகளில் நஷ்டம் இன்னும் பெரிது. கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைக்கும் சங்ககாலச் செப்புக் காசு போன்றவற்றில் பாதி உலோகம் களிம்பாகவே மாறியிருக்கும். எழுத்தும் சின்னமும் அந்தக் களிம்புக்குள்தான் தங்கியிருக்கக்கூடும். ஆனால் எல்லாக் களிம்பும் ஒன்றல்ல. கெட்டியான பச்சை காசைக் காக்கும். தொட்டால் உதிரும் வெளிர்பச்சைத் தூள் காசைத் தின்னும். உள்ளே சிக்கிய குளோரைடு, ஈரம் பட்டதும் செம்பை அரிக்கும் வெண்கல நோய் அது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930-களிலேயே மின்பகுப்பு முறையில் செப்பு, வெண்கலப் பொருள்களின் களிம்பை நீக்கினார். இன்றைய பாதுகாப்பு வல்லுநர்கள் களிம்பை முழுக்க உரிப்பதைவிட, அரிப்பை நிறுத்துவதிலேயே குறியாக இருக்கிறார்கள். இது வீட்டில் செய்யும் வேலை அல்ல.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, தேய்க்காமல் மெல்லிய துணியில் ஒற்றி எடுக்கலாம். எண்ணெய்ப் பிசுக்குக்குக் கலப்பில்லாத அசிட்டோன்; நெருப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது. விளிம்பைப் பிடித்தே எடுக்க வேண்டும்.

காசு வைக்கும் இடமும் மாறிவிட்டது. சுருக்குப்பையும் கடுகு டப்பாவும் போய் பிளாஸ்டிக் ஆல்பம் வந்தது. அது சுருக்குப்பையைவிட மோசம். மெத்தென்ற பி.வி.சி. உறை நாளடைவில் அமிலத்தைக் கசியவிட்டுக் காசின் மேல் பச்சைப் பசையாக ஒட்டும். இப்போது மைலார் உறை, ஈரம் உறிஞ்ச சிலிக்கா ஜெல். சாதவாகனர் காலத்து ஈயக் காசை மர அலமாரியில் வைக்கவே கூடாது. மரத்தின் ஆவி பட்டு வெண்பொடியாகிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், பளபளப்பாக்கி விற்றது போய், இப்போது மருந்து போட்டுக் கறுப்பாக்கி விற்கிற வியாபாரிகளும் இருக்கிறார்கள். சீராக ஒரே நிறமாக இருக்கும் கறுப்பைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

தோண்டும்போது காசு கிடைத்தால் கழுவாமல், மண்ணோடே எடுத்து வையுங்கள். புதையல் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம்.